ஆவிக்குரிய சுதந்தரம்னா என்ன, அம்மாவோட மாந்தோப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

நீங்க கேட்டிருக்கறது மேலோட்டமா பாத்தா பைபிள் சந்தேகம் மாதிரி தெரியுது தம்பி, ஆனா உள்ள இருக்கற கேள்வி வேற. உங்க அம்மா சில வருஷம் முன்னாடி ஞானஸ்நானம் எடுத்தாங்க, காவேரிப்பட்டணம் பக்கம் அவங்க அப்பாவோட மாந்தோப்பு இருக்கு, தாத்தா உயில் எழுதாம போய்ச் சேந்துட்டாரு, இப்போ மாமாங்க ரெண்டு பேரும் விடுதலைப் பத்திரத்துல (தன் பங்கை விட்டுக்குடுக்கறேன்னு எழுதற பத்திரம்) கையெழுத்து போடச் சொல்றாங்க. சபையில ஒரு மூப்பர், உனக்கு பரலோகத்துல சுதந்தரம் (பைபிள் தமிழ்ல வாரிசுச் சொத்துன்னு அர்த்தம்) இருக்கு, பூமியில எதுக்கும்மா, போட்டுக் குடுத்துட்டு நிம்மதியா இருன்னு சொல்றாரு. பாஸ்டரோ, நீ ஆபிரகாமோட வாரிசு, உன் கால் மிதிக்கற இடமெல்லாம் உனக்குத்தான், தோப்பைச் சுத்தி நடந்து ஜெபம் பண்ணு, மொத்தமும் வரும்ங்கறாரு. ரெண்டு பேரும் ஒரே பைபிள்ல இருந்து பேசறாங்க, அம்மா ராத்திரி தூங்கல. நீங்க கேக்கறது இதான்: வாக்குப்பண்ணின ஆவிக்குரிய சுதந்தரம்னு நிஜமாவே ஒண்ணு இருக்கா, இல்ல இல்லாதவன் வாயை அடைக்கவும் இருக்கறவன்கிட்ட புடுங்கவும் வச்சிருக்கற வார்த்தையா? சரியா புரிஞ்சிருக்கேன்னு நெனைக்கறேன்.

என்னைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன். நான் பாஸ்டர் இல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்துல பல வருஷமா பத்திரம் எழுதற தொழில், கிரயம், பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட், உயில், விடுதலை எல்லாம் எழுதியிருக்கேன். ஞாயித்துக்கிழமை எங்க சபையில பெரியவங்களுக்கு வேதபாட வகுப்பு எடுக்கறேன், அதுக்காக தபால் வழியில இறையியல் படிச்சேன். அதனால வாரிசுன்ற பேச்சு எனக்கு ரெண்டு பக்கமும் தினம் காதுல விழறது. கிரேக்கமும் எபிரேயமும் அகராதி வச்சு எழுத்துக்கூட்டிப் படிக்கற அளவுதான், அதுக்கு மேல கேட்டா பண்டிதர்கிட்டதான் அனுப்புவேன்.

முதல்ல சந்தேகமே இல்லாத விஷயம். பழைய ஏற்பாட்டுல சுதந்தரம்னா (கத்தோலிக்க பைபிள்ல உரிமைச்சொத்து, உரிமைப்பேறுன்னு வரும்) அது மண்ணுதான், ஆவிக்குரிய மண்ணு கிடையாது, நெசமான செம்மண்ணு. ஆதியாகமம் 12ல இருந்து ஆபிரகாமுக்கு தேசம் தர்றேன்னு வாக்கு வருது, யோசுவா புஸ்தகத்துல 13ஆம் அதிகாரத்துல இருந்து சீட்டுப் போட்டு கோத்திரம் கோத்திரமா பிரிக்கறாங்க, எல்லை எங்க போய் எந்த ஓடையில முடியுதுன்னு பக்கம் பக்கமா வரும். எல்லாரும் அந்த அதிகாரங்களைத் தாண்டிப் போயிடுவாங்க, எனக்கு அது ரொம்ப புடிக்கும், எங்க தொழில்ல சொத்து விவரம் எழுதறது அப்படியே இருக்கும். ஆனா ஒரு நிபந்தனை இருந்துச்சு. லேவியராகமம் 25:23ல கடவுள் தெளிவா சொல்லிடறாரு, நிலம் என்னுது, நீங்க என்கிட்ட குடியிருக்கறவங்கதான், அதனால நிரந்தரமா வித்துடக்கூடாது, அம்பதாவது வருஷம் யூபிலி, அன்னிக்கு நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பணும். அதனாலதான் நாபோத், ராஜாவே வந்து கேட்டும் திராட்சத்தோட்டத்தைக் குடுக்கல. ஆகாப் நல்ல வெலைதான் சொன்னான், மாத்து நிலமும் தர்றேன்னான், அவரு முடியாதுன்னுட்டாரு, அதுக்காக பொய்சாட்சி வச்சு கல்லெறிஞ்சு கொன்னாங்க. 1 இராஜாக்கள் 21 படிச்சுப் பாருங்க, ஓசூர்ப் பக்கம் நடக்கற கதை மாதிரியே இருக்கும்.

இதுல விசித்திரம் என்னன்னா, வாக்குத்தத்தம் வாங்குன ஆபிரகாமுக்கே அந்த தேசத்துல ஒரு அடி நிலம்கூட கடவுள் சும்மா குடுக்கல, ஸ்தேவான் அப்போஸ்தலர் 7:5ல இதைத்தான் சொல்றாரு. அவர் மனைவி சாராள் செத்தப்போ அடக்கம் பண்ண இடமில்ல. ஆதியாகமம் 23ஐ ஒரு பத்திர எழுத்தர் கண்ணால படிங்க. எப்பெரோன்னு ஒருத்தர், அய்யா நெலம்தானே, சும்மாவே எடுத்துக்கோங்கன்னு ஊர் வாசல்ல எல்லார் முன்னாடியும் சொல்றாரு. ஆபிரகாம் வேணாம், முழு வெலை தர்றேன்னு 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் குடுக்கறாரு. அப்புறம் வருது பாருங்க விவரம், மம்ரேக்கு எதிர்ல மக்பேலாவுல இருக்கற நிலம், அதுல இருக்கற குகை, அந்த எல்லைக்குள்ள சுத்தி இருக்கற எல்லா மரமும், ஊர் வாசலுக்கு வர்ற ஜனங்க முன்னிலையில ஊர்ஜிதம். மரத்தைத் தனியா எழுதினது எதுக்குன்னு உங்க மாமாங்களைக் கேளுங்க, தோப்பு வச்சிருக்கறவங்களுக்குத் தெரியும். தேசம் முழுக்க வாக்குல வாங்குன ஆளு ஒரு கல்லறைக்கு சாட்சி வச்சு காசு குடுத்து வாங்கறாரு, சுத்தி நடந்து ஜெபம் பண்ணி எடுத்துக்கல. இதை உங்க பாஸ்டர்கிட்ட மரியாதையா கேட்டுப் பாக்கலாம்.

இன்னொண்ணும் சொல்லாம விட மனசில்ல, எரேமியா 32. பாபிலோன் படை எருசலேமைச் சுத்தி முற்றுகை போட்டிருக்கு, எரேமியா காவல்ல இருக்காரு, அந்த நேரத்துல பெரியப்பாவோ சித்தப்பாவோ, அவர் பையன் வந்து ஆனதோத்ல இருக்கற நிலத்தை நீ வாங்கிக்கோன்றான். எதிரி கையில போகப்போற நிலத்தை எவனாச்சும் வாங்குவானா? 17 சேக்கல் வெள்ளி குடுத்து வாங்கறாரு. கையெழுத்து, முத்திரை, சாட்சிங்க, முத்திரை போட்ட பத்திரம் ஒண்ணு, திறந்த பத்திரம் ஒண்ணு, ரெண்டையும் தன் எழுத்தர் பாருக் கையில குடுத்து மண்பாண்டத்துல போட்டு வைன்றாரு, ரொம்ப நாள் இருக்கணும்னு. இந்த ஜனங்க ஒருநாள் திரும்பி வந்து இங்க வீடும் நிலமும் வாங்குவாங்கன்ற வாக்குக்கு அந்தப் பத்திரம் அத்தாட்சி. பைபிள்ல வாக்குப்பண்ணின சுதந்தரம்ன்ற விஷயத்தோட ருசி முழுக்க இந்த ஒரு அதிகாரத்துல இருக்குன்னு நான் வகுப்புல சொல்றதுண்டு: எழுத்து கையில இருக்கு, நிலம் கையில இல்ல, ஆனா எழுதிக்குடுத்தவரு ஏமாத்தமாட்டாரு.

அப்போ மண்ணுல இருந்து ஆவிக்குரியதுக்கு எப்போ மாறுச்சுன்னு கேப்பீங்க. புதிய ஏற்பாட்டுல திடீர்னு மாறல, பழைய ஏற்பாட்டுக்குள்ளயே விதை இருக்கு. எல்லா கோத்திரத்துக்கும் நிலம் பிரிச்சாங்க, லேவிக்கு மட்டும் கிடையாது. குடியிருக்க 48 ஊரும் மாடு மேய்க்க சுத்தி கொஞ்சம் வெளியும் குடுத்தாங்க, அவ்வளவுதான். எண்ணாகமம் 18:20ல ஆரோன்கிட்ட கடவுள் சொல்றாரு, உனக்கு தேசத்துல பங்கு இல்ல, நானே உன் பங்கு, நானே உன் சுதந்தரம்னு. அதை 16ஆம் சங்கீதம் எடுத்துக்கிட்டு, பாகம் பிரிச்சு அளவுக்கயிறு விழுந்த பேச்சு எல்லாம் அப்படியே வச்சு, எனக்கு விழுந்த பங்கு கர்த்தர்தான், நல்ல எடத்துல விழுந்திருக்குன்னு பாடுது. 73ஆம் சங்கீதமும் கடைசியில அங்கதான் போய் நிக்குது, கெட்டவன் எல்லாம் கொழுத்துத் திரியறானேன்னு பொலம்பிட்டு கடைசியில தேவன் என்னைக்கும் என் பங்குன்னு முடிவுக்கு வருது. என் கணக்குல ஆவிக்குரிய சுதந்தரத்தோட அடி வேர் இதான், கடவுள் குடுக்கற ஏதோ ஒரு பொருள் இல்ல, கடவுளே பங்கா வர்றாரு. பரலோகத்துல பொன் தெரு, மாளிகைன்னு சொல்றதெல்லாம் இதுக்குப் பக்கத்துல சின்ன விஷயம்.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தா பவுல் கலாத்தியர் 3லயும் 4லயும் வாதம் பண்றது அசல் வாரிசு வழக்குதான். ஒரு மனுஷன் எழுதி உறுதிப்படுத்துனதையே பின்னால வந்தவன் தள்ளவோ கூட்டவோ முடியாது, ஆபிரகாமுக்கு குடுத்த வாக்கு முதல்ல, நியாயப்பிரமாணம் (மோசே வழியா வந்த சட்டம்) 430 வருஷம் கழிச்சு வந்தது, பின்னால வந்தது முன்னால குடுத்ததை ரத்து பண்ணாதுன்றாரு. அதனால சுதந்தரம் சட்டத்தைக் கடைப்பிடிச்ச கூலியா வரல, வாக்கால வருது, கிறிஸ்துவோட சேந்தவங்க எல்லாருமே ஆபிரகாமோட சந்ததி, வாக்குத்தத்தத்தின்படி வாரிசுங்க. அடுத்த அதிகாரத்துல மைனர் வாரிசைப் பத்திப் பேசறாரு, அவன் எல்லாத்துக்கும் எஜமானா இருந்தாலும் தகப்பன் குறிச்ச நாள் வரைக்கும் கார்டியன் கைக்குள்ளதான், வேலைக்காரனுக்கும் அவனுக்கும் வித்தியாசமில்லன்னு. அப்புறம் தத்து. ரோமாபுரி ஆளுங்களுக்கு தத்துப்பிள்ளை வாரிசாகறது சாதாரண விஷயம், ஜூலியஸ் சீசர் தன் உயில்லயே அக்கா பேரனைத் தத்தெடுத்தாரு, அந்தப் பையன்தான் பின்னால அகஸ்துராயன், இயேசு பொறந்தப்போ குடிமதிப்பு எழுதச் சொன்ன ராஜா. அதனால ரோமர் 8ல, நீங்க பிள்ளைங்கன்னா வாரிசுங்க, கிறிஸ்துவுக்கு உடன் வாரிசுங்கன்னு பவுல் எழுதினப்போ ரோம்ல கேட்டவங்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அந்த வசனத்தோட பின்பாதியை மட்டும் யாரும் போஸ்டர்ல போடறதில்ல, அவரோட கூட பாடுபட்டாத்தான்னு இருக்கு.

எபிரெயர் 9ல உயில் பேச்சே வருது, எழுதினவரு செத்தாத்தான் அது செல்லும், அதனால கிறிஸ்து செத்தாருன்னு. இங்க ஒரு வேடிக்கை. உயில் எழுதினவரு சாகறாரு, அப்புறம் எழுந்திருக்கறாரு, ரோமர் 8 கணக்குப்படி நம்ம கூடவே உடன் வாரிசாவும் நிக்கறாரு, அந்த உயிலை நிறைவேத்தறதும் அவரே. இப்படி ஒரு டாக்குமெண்ட் எழுதிக் கொண்டுபோனா எந்த சார்பதிவாளரும் நம்பர் போடமாட்டாரு. இன்னொண்ணு, எங்க தொழில்ல வாரிசு ஒருத்தர் கூடுனா மத்தவங்க பங்கு கொறையும், அதனாலதான் சண்டை, அதனாலதான் அக்கா தங்கச்சிகிட்ட விடுதலைப் பத்திரம். பவுல் சொல்றதுல உடன் வாரிசு எத்தனை பேர் வந்தாலும் யார் பங்கும் கொறையறதா ஒரு எடத்துலயும் வரல. கடவுளே பங்குன்னா எப்படி கொறையும்?

இது யாருக்குச் சொல்லப்பட்டதுன்னு பாத்தாத்தான் உங்க கேள்விக்கு பதில் கெடைக்கும். கொலோசெயர் 3:24ல சுதந்தரத்தின் பலனைப் பெறுவீங்கன்னு பவுல் சொல்றது அடிமைங்களுக்கு. ரோமச் சட்டத்துல அடிமையே ஒரு சொத்து, அவனுக்குன்னு சொத்தும் கிடையாது, வாரிசுரிமையும் கிடையாது. அவனைப் பாத்து நீ வாரிசுன்றாரு. 1 பேதுரு 3:7ல புருஷனுங்களைப் பாத்து, உன் பொண்டாட்டி ஜீவனோட கிருபைக்கு உன்கூட உடன் வாரிசு, மரியாதை குடு, இல்லன்னா உன் ஜெபம் தடைபடும்ன்றாரு. அந்த நிருபமே அங்கங்க சிதறி வெளியூர்க்காரங்களா வாழ்ந்தவங்களுக்கு எழுதினது, அவங்களுக்குத்தான் அழியாத, மாசில்லாத, வாடாத சுதந்தரம்னு 1:4ல வருது. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துல இருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலை, மில் வேலைன்னு போய் வாடகை ரூம்ல கெடக்கற பசங்க எத்தனை பேர், அவங்க கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்து சபையில உக்காந்து இந்த வசனத்தைக் கேக்கறப்போ முகம் மாறுறதை நான் பாத்திருக்கேன். அப்போ இந்த வார்த்தை இல்லாதவனைத் தலை நிமித்தறதுக்கு வந்தது. அதையே இல்லாதவன் வாயை அடைக்க எடுத்தா அது தலைகீழ்.

சரி, அந்த சுதந்தரம் எங்க இருக்கு, எப்போ கைக்கு வரும்? பாதி உறுதி, பாதி சர்ச்சை. உறுதியான பாதி எபேசியர் 1:14ல இருக்கு, பரிசுத்த ஆவியானவர் நம்ம சுதந்தரத்தோட அச்சாரம். இது பவுலே எடுத்த வியாபார வார்த்தை, நம்ம ஊர்ல சந்தையில மாடு புடிச்சாலும் தோப்பு காய்ப்பு பேசினாலும் அதே அச்சாரம்தான். போச்சம்பள்ளி சந்தையில ஒருத்தன் மாட்டுக்கு அச்சாரம் குடுத்துட்டா மாடு இன்னும் வித்தவன் கட்டுத்தறியிலதான் நிக்கும், ஆனா இன்னொருத்தன் வந்து வெலை கேட்டா, அது முடிஞ்சுபோச்சுங்கன்னு சொல்லிடுவாங்க. குடுத்த அச்சாரமும் மொத்தப் பணத்துல ஒரு பாகம்தான், வேற சாமான் கிடையாது. அதே மாதிரி இப்போ ஒருத்தருக்குள்ள இருக்கற கடவுளோட பிரசன்னம், மன்னிப்பு, சமாதானம், இதெல்லாம் பின்னால வரப்போற அதே சரக்குல ஒரு கை. மத்தது பாக்கி. இப்போவே முழுசா வந்துடுச்சுன்னு சொல்றவங்களும் தப்பு, செத்தப்புறம்தான் எல்லாம்னு சொல்றவங்களும் தப்பு, இதுல எல்லா சபைக்காரங்களும் கிட்டத்தட்ட ஒத்துப்போவாங்க.

சர்ச்சையான பாதி, அது வானமா பூமியான்றது. பேதுரு பரலோகத்துல வச்சிருக்குன்னு சொல்றாரு, ஆனா இயேசு மத்தேயு 5:5ல சாந்தகுணமுள்ளவங்க பூமியைச் சுதந்தரிப்பாங்கன்னு 37ஆம் சங்கீதத்தைத் தொட்டுப் பேசறாரு, பவுல் ரோமர் 4:13ல ஆபிரகாம் உலகத்துக்கே சுதந்தரவாளின்றாரு, கானான் தேசத்துக்குன்னு சொல்லல பாருங்க, 2 பேதுரு 3:13 புது வானம் புது பூமின்னு சொல்லுது. என் அபிப்பிராயம், பேதுரு சொல்றது அது எங்க பத்திரமா இருக்குன்றதை, நாம எங்க போய் குடியிருப்போம்ன்றதை இல்ல, கடைசியில புதுப்பிச்ச பூமிதான். ஆனா நல்ல படிச்ச பக்தியான ஆளுங்க வேற மாதிரி சொல்றாங்க, நான் சொல்றதை சத்தியமா எடுத்துக்காதீங்க. அதே மாதிரி, ஆபிரகாமுக்கு சொன்ன அந்த தேசத்து வாக்கு யூதருக்கு இன்னும் அப்படியே நிக்குதா, இல்ல கிறிஸ்துவுக்குள்ள எல்லாருக்கும் விரிஞ்சுபோச்சான்றது பெரிய சண்டை, 19ஆம் நூற்றாண்டுல டார்பின்னு ஒருத்தர் ஆரம்பிச்ச போதனையும் 1909ல வந்த ஸ்கோபீல்ட் விளக்கக் குறிப்பு பைபிளும் முதல் கருத்தைப் பரப்புச்சு, நம்ம ஊர் சுயாதீன சபைங்க நிறைய அதுல வளந்ததுங்க. உங்க அம்மா விஷயத்துக்கு அது தேவையில்ல, தாண்டிடலாம்.

அந்த சுதந்தரம் ஒருதடவை கெடைச்சப்புறம் கைவிட்டுப் போகுமான்னும் கேட்டிருந்தீங்க. இதுலயும் சபைங்க ஒண்ணாப் பேசறதில்ல. 1618-19ல நெதர்லாந்துல டார்ட்ன்ற ஊர்ல கூடுன சங்கம், கடவுள் தேர்ந்தெடுத்தவங்களைக் கடைசி வரை காப்பாத்துவாரு, விழுந்தாலும் தூக்குவாருன்னு முடிவு பண்ணுச்சு. வெஸ்லி வழி வந்த மெதடிஸ்டுங்களும் பெந்தெகொஸ்தே சபைங்க பலதும், இல்ல, ஏசா ஒருவேளை கஞ்சிக்கு சேஷ்டபுத்திர பாகத்தை (மூத்த மகனோட உரிமையை) வித்த மாதிரி விட்டுட முடியும், எபிரெயர் 12 அதுக்குத்தான் எச்சரிக்கைன்றாங்க. கத்தோலிக்க சபை 1547ல திரெந்து சங்கத்துல, தனி வெளிப்பாடு இல்லாம நான் கடைசிவரை நிலைப்பேன்னு யாரும் முழு நிச்சயமா சொல்லக்கூடாதுன்னு சொல்லிச்சு. நம்ம பக்கம் கோவிலூர், எலத்தகிரி மாதிரி பழைய கத்தோலிக்க ஊருங்க இருக்கு, 1997ல சேலத்துல இருந்து பிரிச்சு தர்மபுரி மறைமாவட்டம் வந்தப்போ இப்போதைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அதுல சேந்துச்சு, அங்க இருக்கற உங்க சொந்தக்காரங்க இந்தக் கேள்விக்கு வேற தொனியில பதில் சொன்னா ஆச்சரியப்படாதீங்க. ஆனா யார் சுதந்தரிக்க மாட்டாங்கன்ற பட்டியல்ல சர்ச்சை இல்ல, 1 கொரிந்தியர் 6:10ல திருடரும் பொருளாசைக்காரரும் கொள்ளைக்காரரும் வரிசையா வர்றாங்க. அடுத்தவன் பங்கை ஜெபத்தாலயோ பத்திரத்தாலயோ வளைச்சுப் போடறவங்க அந்த வரியை ரெண்டு தடவை படிக்கணும்.

இப்போ உங்க சபைக்கு வர்றேன். கால் மிதிக்கற இடம்ன்ற வாக்கு யோசுவா 1:3, உபாகமம் 11:24. சொன்னது குறிப்பிட்ட ஜனத்துக்கு, குறிப்பிட்ட எல்லைக்குள்ள, அங்கயே எல்லையும் எழுதியிருக்கு. அதே உபாகமத்துல 2:5ல என்ன இருக்குன்னு உங்க பாஸ்டர்கிட்ட எடுத்துக் காட்டுங்க. ஏசாவோட பிள்ளைங்க இருக்கற சேயீர் மலை வழியாப் போறப்போ, அவங்ககிட்ட வம்புக்குப் போகாதீங்க, அவங்க நிலத்துல ஒரு அடி வைக்கற அளவுகூட உங்களுக்குத் தரமாட்டேன், அது ஏசாவுக்கு நான் குடுத்த சுதந்தரம், சாப்பாடும் தண்ணியும் காசு குடுத்து வாங்குங்கன்னு கடவுள் சொல்றாரு. அங்க அவங்களை என்னன்னு கூப்பிடறாரு? உங்கள் சகோதரர்னு. மாமாங்க சாமி கும்பிடறவங்களா இருந்தாலும் அவங்க பங்கு அவங்களுக்கு நியாயமா வந்தது. 27:17ல எல்லைக்கல்லை நகத்தறவனுக்கு சாபமே இருக்கு. அதனால மொத்தத் தோப்பும் வரும்னு ஜெபம் பண்றது வேண்டாம், அம்மாவுக்கு சேர வேண்டிய பங்குக்கு மேல ஒரு மரம்கூட.

மூப்பர் சொல்றதுக்கு பலமான வசனம் ஒண்ணு இருக்கு, மறைக்கக்கூடாது. அதே 1 கொரிந்தியர் 6ல பவுல், சகோதரனோட வழக்குக்குப் போறதை விட நஷ்டத்தை ஏன் பொறுத்துக்கக் கூடாதுன்னு கேக்கறாரு. லூக்கா 12ல ஒருத்தன் வந்து, அண்ணன்கிட்ட சொல்லி பாகம் பிரிச்சுத் தரச் சொல்லுங்கன்னப்போ இயேசு, என்னைப் பங்கு பிரிக்கறவனா யார் வச்சதுன்னு விலகிட்டு பொருளாசையைப் பத்தி எச்சரிக்கறாரு. ஆனா பவுல் அடுத்த வரியிலயே அநியாயம் பண்றவனைத் திட்டறாரு, மூப்பர் அந்த வரியை மாமாங்களுக்குப் போய் வாசிச்சுக் காட்டினாரான்னு தெரியல. அதோட எண்ணாகமம் 27 இருக்கு, மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள்னு செலொப்பியாத்தோட அஞ்சு பொண்ணுங்க, அப்பாவுக்கு ஆம்பளைப் பிள்ளை இல்லன்னு எங்க பங்கு ஏன் போகணும்னு மோசேகிட்டயும் சபை முன்னாடியும் வந்து நின்னு கேக்கறாங்க. கடவுள் அவங்களைப் பாத்து, உங்களுக்கு பரத்துல இருக்கு, பேசாம போங்கன்னு சொல்லல, அவங்க கேக்கறது சரின்னாரு, குடுன்னாரு. நெலத்தைக் கேட்டதால அவங்க ஆவிக்குரியவங்களா இல்லாமப் போயிடல.

என் மனசுல பட்டதைச் சொல்றேன். அம்மா விட்டுக்குடுக்கறதுன்னா தாராளமா குடுக்கலாம், அது அழகு, அண்ணன் தம்பிங்க மேல இருக்கற பாசத்துல எத்தனையோ அக்கா தங்கச்சிங்க என் முன்னாடியே கையெழுத்து போட்டிருக்காங்க, சில பேர் சிரிச்சுக்கிட்டு, சில பேர் சேலைத்தலைப்பால கண்ணைத் தொடச்சுக்கிட்டு. ஆனா தன்னுது என்னன்னு தெரிஞ்சு குடுக்கணும். பரலோக சுதந்தரத்தைக் காட்டி பயமுறுத்தி வாங்குற கையெழுத்து விட்டுக்குடுக்கறது ஆகாது.

சட்டத்துல தெரிஞ்சதைச் சொல்றேன், முடிவா வக்கீலைப் பாருங்க, நான் எழுதறவன்தான். தாத்தா இந்து, உயில் இல்லன்னா மகளும் மகனும் சமம், பாட்டி இருந்தா அவங்களுக்கும் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தா சுயார்ஜிதமான்றதைப் (தாத்தாவே சம்பாதிச்சு வாங்குனதான்றதை) பொறுத்து கணக்கு மாறும், தமிழ்நாட்டுல மகளுக்கு பூர்வீகத்துலயும் பங்குன்னு 1989லயே வந்தாச்சு (அப்போ கல்யாணம் ஆயிருந்தவங்களுக்கு சிக்கல் இருந்துச்சு), 2005ல மத்திய சட்டத்துலயும் வந்துச்சு. மதம் மாறினதால அம்மா பங்கு போயிடுச்சுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, இந்து வாரிசுரிமைச் சட்டம் 26ஆம் பிரிவு தடை போடறது, மதம் மாறினவங்களுக்கு மாறின பிறகு பொறந்த பிள்ளைங்களுக்கு, இந்து சொந்தக்காரங்க சொத்துல. நீங்க முன்னாடியே பொறந்தவரு, அம்மா பங்குல அந்தத் தடையே வராது. நாளைக்கு அம்மா சொத்து உங்களுக்கு வர்றப்போதான் 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதுல மகன் மகள் வித்தியாசமே கிடையாது.

விடுதலைப் பத்திரம் பதிவாயிட்டா திரும்பி வர்றது ரொம்பக் கஷ்டம், அதனால அவசரப்பட வேணாம். முதல்ல ஆன்லைன்ல பட்டா சிட்டா எடுத்து யார் பேர்ல நிக்குதுன்னு பாருங்க, சர்வே நம்பர் வச்சு வில்லங்கம் போட்டுப் பாருங்க, தாத்தா உயிரோட இருக்கறப்போவே யாருக்காச்சும் செட்டில்மெண்ட் எழுதிட்டாரான்னு அதுல தெரிஞ்சுடும். இன்னும் தாத்தா பேர்லயே இருந்தா வாரிசு சான்றிதழுக்கு தாலுகாவுல எழுதிக் குடுங்க, அதுல அம்மா பேரு விடாம வந்திருக்கான்னு பாக்கறது உங்க வேலை. மாமாங்க கொண்டுவந்த பத்திரத்து நகல் இருந்தா பேரு, நம்பர் எல்லாம் மறைச்சுட்டு இங்க போடுங்க, பிரதிபலன் தொகைன்னு (பங்குக்கு பதிலா தர்ற பணம்) என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்துச் சொல்றேன்.